ஒரு ஜாயின்ட் பாக்கி

"வண்டியை நகர்த்தணுமா தம்பி?"

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனுக்கு அண்ணியின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. கையிலிருந்த கிரீஸ் கன் நழுவி நெஞ்சில் விழுந்தது.

"வேணாம் அண்ணி. பக்கத்து வீட்டுக்காரர் வரட்டும்."

"அவர் வேலைக்குப் போயாச்சு. நானே ஏறிக்கறேன். உங்க அண்ணன் கத்துக் கொடுத்ததுதானே."

அண்ணன் செத்த நாளிலிருந்து அண்ணி அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அதுவும் நேற்று நடந்ததற்குப் பிறகு!

நேற்று ஒர்க்ஷாப்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர்தான், நாக்குக்குத்தான் பிரேக் கிடையாது.

"கவிழ்ந்த வண்டியைப் பிரிச்சுப் பாத்தது நான்தானேம்மா. ஷாஃப்ட்ல ஒரே ஒரு ஜாயின்ட்ல மருந்துக்குக்கூட கிரீஸ் இல்லை. மத்ததெல்லாம் அன்னிக்குத்தான் அடிச்சிருக்கு. அந்த ஒண்ணு உடைஞ்சுதான் ஷாஃப்ட் தரையில குத்தி, இறக்கத்துல வண்டி குப்புற அடிச்சுடுச்சு" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அதுவரை பிரேக் பிடிக்கவில்லை, அண்ணன் விதி அவ்வளவுதான் என்றுதான் வீட்டில் பேச்சு. அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

அந்த ஒரு ஜாயின்ட்டின் கதை அவனுக்குத்தான் தெரியும். சக்கரத்தைச் சுழற்ற வண்டிக்கு அடியில் ஓடும் ஷாஃப்ட்டில், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கிரீஸ் ஏற்ற நிப்பிள் என்று ஒரு சின்னக் குமிழ் உண்டு. அது மேல்பக்கம் போய் நின்றுகொண்டால் கன் எட்டாது. வண்டியைக் கொஞ்சம் உருட்டினால்தான் ஷாஃப்ட் சுழன்று நிப்பிள் கீழே வரும். அன்றைக்கு உருட்ட ஆள் வேண்டும் என்று வீட்டைப் பார்த்துத் தொண்டை வற்றக் கத்தினான். ஒருவரும் வரவில்லை. ஒன்றுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டான்.

"எல்லாத்துக்கும் அடிச்சாச்சாடா?" என்று அண்ணன் கேட்டான்.

"ஆச்சு, ஆச்சு. நீ கிளம்பு" என்றான் இவன்.

கிளம்பியவன்தான் அண்ணன். திரும்பி வரவில்லை.

வீட்டில் உலை கொதிப்பது அந்த ஜீப்பை நம்பித்தான். அதனால் நிமிர்த்திச் சரிசெய்து இப்போது இவன் ஓட்டுகிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நேற்றிலிருந்து இவனுக்கு இடியாகவே இடித்துக்கொண்டிருந்தது.

"இருங்க அண்ணி, நான் வெளியே வந்துடறேன்."

"அங்கேயே இரு. நீ வெளியே வந்துட்டா நிப்பிள் எங்கே நிக்குதுன்னு யார் பாக்கறது?"

நியாயமான பேச்சுதான். அதுதான் பயமாக இருந்தது. அவன் வண்டிக்குக் குறுக்கே படுத்திருந்தான். பின் டயர் விலாவுக்குப் பக்கத்தில். தரையோ வாசலைப் பார்த்துச் சரிவு. முட்டுக் கொடுத்திருந்த கல்லை அண்ணியின் கால் எத்தித் தள்ளியது.

தலைக்கு மேல் சீட் முனகியது. கியர் நியூட்ரலுக்கு வந்தது. ஹேண்ட்பிரேக் இறங்கியது.

ஷாஃப்ட் மெல்லச் சுழன்றது. நிப்பிள் கீழே வந்தது.

"போதும் அண்ணி!"

வண்டி நிற்கவில்லை.

"போதும்! அண்ணி, போதும்!"

டயர் அவன் சட்டையைக் கவ்வியது. தீர்த்துக்கட்டத்தான் ஏறியிருக்கிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வண்டி நின்றது.

"அடி" என்று மேலிருந்து குரல் வந்தது. அது அண்ணியின் குரல் மாதிரியே இல்லை.

நிப்பிளில் கன்னைப் பொருத்துவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடித்தான்.

"முடிஞ்சுது. ஹேண்ட்பிரேக் போடுங்க அண்ணி."

ஹேண்ட்பிரேக் ஏறும் சத்தம் கேட்கவில்லை.

"அண்ணி?"

இன்னும் ஒரு சாண் உருண்டால் போதும், ஆள் காலி. சட்டை கிழிந்தால் கிழியட்டும் என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வெளியே உருண்டான்.

அண்ணி இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி குலுங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"சட்டுனு பிரேக் பிடிக்கலைப்பா. உன்னையும் கொன்னுட்டேனோன்னு பயந்துட்டேன்."

அவனே எட்டி ஹேண்ட்பிரேக்கைப் போட்டான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? வெட்டினாலும் சரி, குத்தினாலும் சரி.

"அண்ணி, அன்னிக்கு அந்த ஒரு ஜாயின்ட்டு..."

"சொல்லாதே தம்பி. நேத்தே எனக்குப் புரிஞ்சுபோச்சு."



அண்ணி கிரீஸ் அப்பிய அவன் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சுப்பா. இருக்கிற வேலையை விட்டுட்டு எவ எழுந்து போறதுன்னு நான்தான் வராம இருந்துட்டேன். நேத்து ஒர்க்ஷாப்காரர் அத்தனை சொல்லியும், என்னைக் காட்டிக் கொடுக்காம வாயை மூடிக்கிட்டு நின்னியே... அந்த மனசு யாருக்கு வரும்?"