காலில்லாத மான்

புல் நுனியில் முன்கால்களை விரித்துக்கொண்டு காத்திருந்த உண்ணிக்குப் பத்து நாள் பசி. தூரத்தில் எதுவோ புல்லை உரசிக்கொண்டு வந்தது.

“வெள்ளையா வருது, காலே இல்ல. ஏறிடாதே,” என்றது பக்கத்தில் இருந்த வெட்டுக்கிளி.

“எனக்குக் கண்ணே கிடையாது. இருந்தும் ஒருநாளும் ஏமாந்ததில்ல. உரசினா அது மான்தான்,” என்று சொல்லித் தொற்றிக்கொண்டது உண்ணி.

வந்தது வெறும் துணி. குரங்குகளைக் கொல்லும் காய்ச்சல் எந்த உண்ணியில் இருக்கிறதென்று ஆராயும் கால்நடை மருத்துவர் ரஞ்சிதம்தான் அதைப் புல்மேல் இழுத்து வந்தார். ஒட்டிய உண்ணியை இடுக்கியால் எடுத்துக் குப்பிக்குள் போட்டு மூடினார்.

உள்ளே ஏற்கெனவே நாற்பது உண்ணிகள். நெரிசலில் காலை நீட்ட இடமில்லை. நம் உண்ணிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

“இவ்வளவு கூட்டம்னா, நல்ல கொழுத்த மான்தான்,” என்றது.