வலிக்காத க்ளீனிங்

"முடிஞ்சுதா? ஒண்ணுமே பண்ணலையேம்மா!" நாற்காலியிலிருந்து எழுந்த லாரி டிரைவர் தாடையைத் தடவிப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் குனிந்திருந்ததில் பல் டாக்டருக்கு இடுப்பே கழன்றுவிட்டது. "வெதுவெதுப்பான தண்ணியும் நைஸான பவுடரும் பீய்ச்சியே கறையை எடுத்துட்டேன். சுரண்டவே இல்லை. ஈறுக்கும் நல்லது. இந்தாங்க, கண்ணாடியில பாருங்க."

"பளிச்சுனுதான் இருக்கு. ஆனா வலிக்கலையே?"

"வலிக்கக்கூடாதுன்னுதானே இந்த மெஷினே வாங்கினது!" அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"சும்மா தண்ணி காட்டாதேம்மா. போன தடவை இங்கே ஒரு டாக்டரம்மா பண்ணாங்க பாரு, அதுதான் க்ளீனிங்! சுரண்டின சுரண்டல்ல ரத்தம் கொட்டுச்சு. மூணு நாள் சாப்பாடு இறங்கலை. அவங்க கைதான் கை. அவங்களைக் கூப்பிடு."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாஸ்க்கைக் கழற்றினாள்.

"அதுவும் நான்தாங்க. அன்னிக்கு நீங்க குழந்தை மாதிரி அழுததைப் பார்த்து மனசு கேக்காமத்தான், ஆறு மாசம் அலைஞ்சு இதைக் கத்துக்கிட்டு வந்தேன்."

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடப்பாவமே, நல்லாத்தானேம்மா பண்ணிட்டிருந்தே!"