வெள்ளைச் சாக்கு

ஹெலிகாப்டர் வரும் நாளில், பனிமூட்டத்திலும் இடம் தெரியட்டும் என்று தேயிலை மேட்டில் வெள்ளைச் சாக்கு விரிப்பது எஸ்டேட் வழக்கமாக இருந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் காட்டுக்குள் படையினருக்கு அரிசி மூட்டை போட்ட கீழ்நாட்டு விமானத்தளம், பிற்பாடு வழி தவறியவர்களைத் தேட ஹெலிகாப்டர் அனுப்பியது. அப்படி வந்த ஒன்றில் சிப்பந்தியாகப் பறந்த முகுந்தன் திரும்பவேயில்லை. பிறகு தளத்தையும் மூடிவிட்டார்கள். அவன் அப்பா அய்யாசாமி மட்டும் தினமும் காலையில், ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு வந்து சாக்கு விரிப்பார்.

“தளமே இல்ல, எங்கேருந்து மாமா ஹெலிகாப்டர் வரும்? நாளைக்கு இங்க கன்னு நடணும்லா. சாக்க எடுங்க,” என்றான் கங்காணி குகனேஸ்வரன்.

“இன்னைக்கு ஒருநாள் கெடக்கட்டும்பா.”

அப்போது மூட்டத்துக்குள் இரைச்சல் இறங்கி வந்தது. கொழுந்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாக்குகள் படபடத்தன. கண்ணில் ஒன்றும் படவில்லை. சற்று நேரத்தில் இரைச்சல் மேலேறி அடங்கிப் போனது.

மூட்டம் விலகியதும் கங்காணி கீழே லயத்து வீட்டு வரிசையைப் பார்த்தான். குரல் தணிந்திருந்தது.

“மாமா, ஒங்க வீட்டு வெந்நீர் அடுப்பு பொகையுதே.”

அய்யாசாமி இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. குனிந்து, நிதானமாகச் சாக்குகளை மடிக்கத் தொடங்கினார்.