மரத்துக்கு அந்தப் பக்கம்

"அந்தப் பெரிய மட்டையை எடு."

"வேண்டாமுங்க சார்."

"எடுன்னு சொல்றேன்ல?"

காளியண்ணன் எடுக்கவில்லை. மட்டைகள் இருந்த பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

சிவக்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை முதலாளி அவர். அறுபது பேர் அவர் சொல்லுக்குக் காத்திருப்பார்கள். இங்கே, பனமரத்துப்பட்டிப் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில், வருடாந்திரக் கோப்பையின் கடைசிக் குழியில், பை தூக்குகிற ஆள் மறுத்துப் பேசுகிறார். அதுவும் நாலு பேர் பார்க்க.

எதிராளி வளவன் ஒரே ஒரு அடி குறைவாக எடுத்து முன்னால் இருந்தார்.

கடைசிக் குழிக்குப் போகும் பாதை வலப்பக்கம் வளைந்து போகும். வளைவின் மூலையில் வேப்ப மரங்கள். அவற்றுக்கு மேலே தூக்கி அடித்தால் குறுக்கு வழி. பந்து குழிக்குப் பக்கத்திலேயே போய் விழும்.

"இந்தச் சின்ன ஏழாம் நம்பர் மட்டையில நேரா அடிங்க சார். அடுத்ததும் அதே மாதிரி ஒண்ணு. மூணாவதுல குழிகிட்டப் போயிரலாம். அஞ்சுல முடிச்சுக்கலாமுங்க."

"அஞ்சுல முடிச்சா தோத்துருவேன்யா! வளவனும் அஞ்சுல முடிச்சுருவாரு."

"உங்க பந்து எப்பவும் வலப்பக்கமாத் திரும்பிக்குதுங்க. பத்துல ஒண்ணு மரத்தைத் தாண்டும். மிச்சம் ஒம்போதும் மரத்துக்குள்ளதானுங்க."

ஒரு வருடமாக இதே பாடம்தான். போன ஆவணியில் காளியண்ணன் தானாக வந்து பையைத் தூக்கிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்தது. குழியில் நட்ட கொடியைப் பார்த்து அடிக்காதீர்கள், புல்தரையின் நடுவைப் பாருங்கள். புதரில் விழுந்த பந்தை வீறாப்பாக அடிக்காதீர்கள், பக்கவாட்டில் தட்டி வெளியே எடுங்கள். கேட்டுக் கேட்டு, ஒன்பது குழிக்கு அறுபது அடி எடுத்த சிவக்குமார் நாற்பத்தாறுக்கு வந்திருந்தார். அது வாஸ்தவம்தான். ஆனால் இன்றைக்குக் கோப்பை.

"என்ன சிவா, உங்க முதலாளி என்ன சொல்றாரு?" என்றார் வளவன், காளியண்ணனைக் காட்டி.

எல்லோரும் சிரித்தார்கள்.

சிவக்குமார் ஏழாம் நம்பர் மட்டையையே வெடுக்கென்று உருவினார். அடித்தார். ஐந்தில் முடித்தார். வளவனும் ஐந்து.

கோப்பை போய்விட்டது.

கிளப் வாசலில் செக்ரட்டரி நின்றிருந்தார். சிவக்குமார் கத்தினார்.

"இந்தாளு இனி என் பையைத் தொடக்கூடாது. கோழை! தானும் பயந்து என்னையும் கெடுத்துட்டான்."

"காளியண்ணா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார் செக்ரட்டரி.

காளியண்ணன் மட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் செருகினார்.

"சரிங்க. அடுத்து எவன் பை தூக்குனாலும், கடைசிக் குழியில பெரிய மட்டை வேண்டாம்னு சொல்லி வெய்யுங்க."

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பிரியாணி விருந்து. சிவக்குமார் தட்டைத் தள்ளி வைத்தார். எழுந்து வெயிலில் நடந்தார். கடைசிக் குழிக்கு அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து மரங்கள் வரை அடி அடியாக அளந்து பார்த்தார்.

தாண்டியிருக்கும். கண்டிப்பாகத் தாண்டியிருக்கும்.

கிளையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

நான்கு பெண்கள் நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் களைக்கொத்துகள். இரண்டு வருடமாக இங்கே ஆடுகிறார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

"ஏனுங்க சாமி, பந்து தேடறீங்களா?" என்று ஒருத்தி எழுந்து வந்தாள்.

அவளுடைய இடது கண் மூடி ஒட்டிப்போயிருந்தது.

"இங்கேயா உக்காந்து சாப்பிடறீங்க?"

"களை எடுக்கறவங்களுக்கு வேற நெழல் ஏதுங்க?"

"கண்ணுக்கு என்னம்மா ஆச்சு?"

"போன வருசம் பந்து பட்டுருச்சுங்க. ஒரு சத்தம் குடுத்திருந்தாக்கூடக் குனிஞ்சிருப்பேன்."

"யார் அடிச்சது?"

"எனக்குத் தெரியாதுங்க. மரத்துக்குள்ள போன பந்தைத் தேடி அவரு வரவேயில்ல. வேற பந்தை வெச்சு அடிச்சுட்டுப் போயிட்டாராமா. செக்ரட்டரிகிட்டச் சொன்னோம். நீயா உழுந்து கல்லு குத்திருச்சுன்னு எழுதிக்கிட்டாருங்க."

"பார்த்தவங்க யாருமில்லையா?"

"எங்கூட்டுக்காரரு பாத்தாருங்க. அப்ப புல்லு வெட்டற மிசின் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. காளியண்ணன்னு பேரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

சிவக்குமார் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர்... யாருன்னு உங்ககிட்டச் சொல்லலையா?"

"எத்தனையோ தடவ கேட்டுட்டனுங்க. வாயே தொறக்க மாட்டேங்கறாரு. தெரிஞ்சா உனக்கு ஆத்திரந்தான் மிஞ்சும், அந்த மனுசனும் வேணும்னு செய்யலைங்கறாரு. நானும் யாருன்னு போய்ப் பாத்ததில்லீங்க."

அவள் முந்தானையால் அந்தக் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"மரத்துக்கு மேல அடிக்கறது அந்த ஒருத்தருதானாமா. அதனால மறுவாரமே மிசின் வேலைய உட்டுட்டு, அவருக்கே பை தூக்கப் போயிட்டாருங்க. கூடவே நின்னு நிதானமா அடிக்கச் சொல்லிக் குடுத்துட்டா, இன்னொருத்தி கண்ணு போகாதுன்னு."