பெல்ட் மாட்டாத மோட்டார்

மோட்டாரை நிறுத்தச் சொன்னதும் மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது.

நாலு மணிக்கு மேல் வரக்கூடாதா என்று கேட்டார். நாளைக் காலையில் வந்தால் டீ வாங்கித் தருகிறேன் என்றார். நகராட்சியில் சத்தம் அளக்கிற வேலை எனக்கு. இந்தத் தாஜா எல்லாம் நிறையப் பார்த்தாயிற்று. ஓடும்போது அளந்துவிட்டேன், இனி நிறுத்திவிட்டு அளக்க வேண்டும், அதுதான் விதி என்று கறாராகச் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, தண்ணீர் மோட்டார்களைப் பழுதுபார்க்கிறவர் அவர். மேஜை மேல் ஒரு பழைய மோட்டார் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெல்ட் இல்லை, பம்பும் இல்லை, சும்மா சுற்றியது. ஏதோ சோதனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போனேன்.

புகார் கொடுத்தவருக்கு எங்கள் அலுவலகத்தில் ‘உஷ்’ என்று பெயர். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். உதட்டில் விரலை வைக்காமல் அவருக்குப் பேச்சே வராது.

பழைய சத்த விதி பல் பிடுங்கிய பாம்பு. போய் எச்சரித்துவிட்டு வருவோம், நாங்கள் தெரு முனை திரும்புவதற்குள் சத்தம் மறுபடி கிளம்பிவிடும். புது விதி அப்படி இல்லை. அளவு மீறினால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம், பட்டறையையே பூட்டலாம். அந்த விதி வந்ததே உஷ்ஷால்தான். நகராட்சிக் கூட்டம் ஒன்று விடாமல் வந்து, உறுப்பினர்கள் இவரைக் கண்டாலே வேறு வாசல் வழியாக ஓடும்வரை விடவில்லை மனிதர்.

தனக்காக அல்ல, மனைவிக்காக.

அந்த அம்மா மதியம் சாப்பிட்டதும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாராம். அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் தொடங்குமாம். எழுந்து வரும்போது தூக்கம் கெட்டு, குரலே கம்மிப்போயிருக்குமாம். இவர்தான் வெந்நீர் வைத்துக் கொடுப்பாராம். மனைவியின் தொண்டையையும் மனுவில் ஒரு சாட்சியாகச் சேர்த்திருந்தார். படிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டும் அளக்க வேண்டும் என்ற பிரிவைக்கூட அவர்தான் சேர்க்கவைத்தார். நாளைக்கு ஒருவரும் குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

கூடத்து மேஜையில் மீட்டரை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். மோட்டார் நின்றது.

மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. இறங்கின வேகத்தில் மறுபடி ஏறியது.

பின்னறையிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்வதென்றால், சுமாரான பாட்டு. மேலே ஏறுகிற இடத்தில் குரல் வழுக்கியது. அந்த அம்மா விடவில்லை. முதல் அடிக்கு வந்து மறுபடி ஏறினார். காதில் இயர்போனை மாட்டி, பாட்டுப் பாடத்தைக் கேட்டபடி கூடவே பாடுகிறார் என்பது கேட்டாலே தெரிந்தது. அப்படிப் பாடுகிறவர்களுக்குத் தங்கள் சத்தமும் தெரியாது, வெளியே மோட்டார் நின்றதும் தெரியாது.

உஷ்ஷின் விரல் பழக்கத்தில் உதட்டுக்குப் போனது. போன விரல் அங்கேயே நின்றுவிட்டது.

வாசலில் மெக்கானிக் வந்து நின்றார். கையில் கிரீஸ் துடைக்கிற துணி. அதை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார்.

“அக்கா பாடினதுக்கு நீங்க ஒரு தடவ சிரிச்சீங்களாம் சார். உங்க காதுல மட்டும் விழக்கூடாதுன்னு அக்கா கேட்டுக்கிட்டாங்க. அதான் தினமும் சும்மா ஓட்டுறேன்.”

பட்டறையைப் பூட்டப்போகிறோம் என்று நாங்கள் மிரட்டியபோதுகூட இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமான புதிதில், வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது அவள் பாடினாள், தண்ணீர் வராத குழாய் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன் என்றார் உஷ். என்னிடம் சொன்னாரா சுவரிடம் சொன்னாரா தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அதற்குப் பிறகு பாடவே இல்லை, எனக்கு அது உறைக்கவும் இல்லை என்றார்.

உள்ளே குரல் இன்னொரு முறை ஏறியது. இந்தத் தடவை வழுக்கவில்லை. மேலே போய், அங்கேயே ஒரு நொடி நின்றுவிட்டு இறங்கியது.

உஷ் வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

அடுத்த நொடி பதறிப்போனார். பாடம் முடிந்து காதில் இருப்பதை எடுத்தால், மோட்டார் ஓடவில்லை என்று தெரிந்துவிடுமே. மெக்கானிக்கின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

“ஓடுங்க, அவ முடிக்கிறதுக்குள்ள போட்டுடுங்க. ஆனா சின்ன மோட்டாரா போடுங்க தம்பி. எனக்குக் கேக்கணும்.”

மீட்டரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கொட்டகைக்குள் ஒரு மோட்டாரைப் போட்டுப் பார்த்து, வேறொன்றை மாற்றி, அடியில் சாக்கைத் திணித்தார் மெக்கானிக். இன்னும் குறை, இன்னும் குறை என்று நான் கையாலேயே சொன்னேன். பாட்டுக்குச் சற்றுக் கீழே சத்தம் வந்து நின்றதும், போதும் என்று காட்டினேன். புகாரை என்ன செய்வது என்று உஷ்ஷைக் கேட்க நினைத்தேன். அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய், பின்னறைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு நின்றது. கட்டில் முனகியது. உஷ் நாற்காலியோடு எழுந்து, கால்விரல் நுனியில் நடந்து அடுப்படிக்குள் மறைந்தார்.

அந்த அம்மா தலைமுடியைக் கோதிக்கொண்டே வெளியே வந்தார். என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். பிறகு, கம்மிய குரலில், இந்தச் சத்தத்தில் இன்றைக்கும் கண் அசரவில்லை என்றார்.

பாவம், எப்படித் தூங்குவாய் என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே வெந்நீரோடு அவரும் வந்தார்.