காலி அறைக்குக் கணப்பு

"யாருமே இல்லாத அறையைச் சூடாக்கணுமா?" டாரன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஆமா தம்பி. இருபத்தொரு டிகிரி. ராத்திரி பகல் எந்நேரமும்," என்றாள் மோரீன்.

வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ஃபோனிலிருந்தே இயக்கும் கருவி. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் அவன் அதை மாட்டாத தெரு கிடையாது. ஆளில்லாத நேரத்தில் கணப்பை அணைக்கத்தான் எல்லாரும் வாங்குவார்கள். இந்த அம்மாள் என்னடாவென்றால் தலைகீழாக நின்றாள்.

"நாளைக்கு ஸ்பெயினுக்கு, மக வீட்டுக்குப் போறேங்கிறீங்க. வீடே பூட்டிக் கிடக்குமே."

"அதுக்குத்தானே இதை வாங்கினேன். போன தடவை எல்லாத்தையும் அணைச்சிட்டுப் போயிட்டேன். அந்தத் தப்பை மறுபடி பண்ண மாட்டேன். முன்னறை ஒரு நாள்கூடக் குளிரக் கூடாது."

அவளோ அடுப்படியில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். மற்ற அறைகளுக்குப் பதினாறு போதுமாம்.

கொழுப்பு, என்று நினைத்துக்கொண்டே டாரன் முன்னறைச் சுவரில் பொருத்தியிருந்த வெந்நீர் ரேடியேட்டரில் வேலையை முடித்தான்.

வெளியே வந்தவனை, ஒட்டினாற்போல் இருந்த பக்கத்து வீட்டு வாசலில் நெவில் என்ற பெரியவர் மறித்தார்.

"ஏம்ப்பா, அந்தம்மா டீ கொடுத்துச்சா? வேலைக்கு வந்தவன் இன்னொரு டீ குடிக்காமப் போனா தெருவுக்கே கேவலம். உள்ளே வா."

வீட்டு நடையில் குளிரால் மூச்சு புகையாக வந்தது. முன்னறையில் சுவரோரம் பெரியவரின் நாற்காலி இருந்த இடம் மட்டும் இதமாக இருந்தது.

"கணப்பே போடலியா ஐயா?"

"எதுக்குப் போடணும்? ஊர் கவுன்சில்காரங்க கணப்புச் செலவுக்கு உதவி பண்றோம்னு வந்தாங்க. பக்கத்து வீட்டம்மாவும் வந்துச்சு. எல்லாரையும் வாசலோட அனுப்பிட்டேன். இது அந்தக் காலத்துக் கல்லுச் சுவரு. தொட்டுப் பாரு."

டாரன் தொட்டான். வெதுவெதுவென்று இருந்தது.

"போன குளிருக்கு நிமோனியா வந்து செத்துப் பிழைச்சேன். அந்தம்மா ஊருக்குப் போயிருந்த நேரம். அப்ப மட்டும் இந்தச் சுவருக்கு என்ன கேடு வந்துச்சோ, ஐஸ் மாதிரி கிடந்துச்சு. இப்பப் பழையபடி சரியாயிருச்சு. அந்தம்மாதான் பாவம், கணப்பைத் தண்ணியா செலவழிக்குது. சிக்கனம் தெரியாது."

டாரன் கையை எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் சற்று முன் கருவி மாட்டிய ரேடியேட்டர்.

கொழுப்பு என்று நினைத்த மனசைக் கழுவ வேண்டும் போலிருந்தது அவனுக்கு. அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"நல்ல சுவரு ஐயா," என்று மட்டும் சொல்லி, டீயைக் குடித்து முடித்தான்.

வண்டியில் ஏறியதும் மோரீனுக்கு ஃபோன் போட்டான்.

"அம்மா, பெரியவர் நாற்காலி சுவரை ஒட்டித்தான் கிடக்கு. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."