மிச்சப்படுத்திய இடம்

கரண்ட் கொடுக்கச் சொன்னார் டிரெக்டர். எலக்ட்ரீஷியன் மெல்வின் அசையவில்லை.

பிரேக்கரில் பூட்டு தொங்கியது. மெல்வின் போட்ட பூட்டு. சாவி அவனுடைய காற்சட்டைப் பையில் இருந்தது.

ஏன் பூட்டியிருக்கிறது என்று அவர் சிங்களத்தில் கேட்டார். ஒன்றைச் செக் பண்ண வேண்டியிருந்தது என்று அவனும் சிங்களத்திலேயே சொன்னான்.

எதை என்று கேட்பதற்குள், நல்லவேளையாக அவருக்கு போன் வந்தது. வாசல்பக்கம் போய் நின்று பேசத் தொடங்கினார்.

கண்டெய்னரின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. றக்வானை டவுனுக்கு மேலே, மூடிக் கிடந்த தேயிலை ஃபெக்டரியின் முற்றத்தில் இப்படி இரண்டு கண்டெய்னர்கள். கொழும்புக் கம்பனியின் புதிய டேட்டா சென்டர் அதுதான். ஆற்றில் சின்னதாக ஒரு மின்நிலையம் இருந்ததாலும், மலையில் எந்நேரமும் குளிர் இருந்ததாலும் இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார்கள். முதலாவது கண்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நின்ற இரண்டாவதற்கு இன்னும் பெட்டரிகூட வந்து சேரவில்லை. இன்றைக்குத்தான் அதற்கு முதல்முறையாகக் கரண்ட் விட்டுப் பார்க்க இருந்தார்கள்.

டிரெக்டரோடு வந்திருந்தவள் இன்ஜினியர் நபீலா. இரண்டாவது கண்டெய்னரின் படம் அவள் வரைந்தது.

முதலாவதில் மின்பெட்டிகளும் கன்ட்ரோல் பெட்டிகளும் தனித்தனியாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆள் நிற்க இடம், பின்னால் ஆள் நுழைய இடம். பாதிக் கண்டெய்னர் அதற்கே போய்விட்டது. நபீலா எல்லாவற்றையும் ஒரே அலமாரிக்குள் அடக்கினாள். முன்பக்கமாக மட்டும் திறக்கும்படி மாற்றி, முதுகைச் சுவரோடு ஒட்டவைத்தாள். கேபிள்களைக் கூரையோடு கொண்டுபோனாள். கடைசியில், தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன அறையளவு இடம் மிஞ்சியது. சர்வர் அலமாரிகளை நிறுத்த.

முடியாது என்று ஒரு வருடமாகச் சொன்னவர்களிடம் வாதாடி வாங்கிய இடம் அது.

தடுப்புக் கதவுக்குப் பின்னால் ஏதோ முனகியது.

நபீலா திரும்பினாள். மெல்வின் பலமாக இருமினான்.

“தகரங்க மிஸ். மழைக்கு அப்பிடித்தான்.”

அவள் கதவை நோக்கி நடந்தாள். மெல்வின் முந்திப் போய்க் குறுக்கே நின்றுகொண்டான். செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும். கம்பனிச் சொத்து, யாரிடமும் கேட்கவில்லை. வேலை போகும். பொலிசுக்குச் சொன்னாலும் சொல்வார்கள்.

“வேணாங்க மிஸ்.”

“நான் எடுத்துக் குடுத்த இடத்த நானே பார்க்க ஏலாதா?”

அவன் விலகினான்.

அவள் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, போன் வெளிச்சத்தை உள்ளே காட்டினாள். சட்டென்று வெளிச்சத்தை அணைத்தாள். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

போனை முடித்துக்கொண்டு டிரெக்டர் வந்தார். எத்தனை அலமாரி வைக்கலாம் என்று கேட்டார்.

“இட நே, சேர்” என்றாள் நபீலா.

இடம் இல்லை என்று அவள் சிங்களத்தில் சொன்னது காதில் விழுந்தும் மெல்வினால் நம்ப முடியவில்லை.

டிரெக்டர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நீ போட்ட படம்தானே, ஆறு அலமாரி வைக்கலாம் என்று நீதானே கையெழுத்துப் போட்டாய் என்றார். படத்தில் இடம் இருந்தது, இங்கே இல்லை என்றாள். கன்ட்ரோல் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது, மழை விடும்வரை கரண்ட் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் தான் பொறுப்பில்லை என்றாள்.

அப்படியானால் டிசைன் பிழை என்று மேலிடத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டார்.

அவள் கதவிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

எழுதுங்கள் என்றாள்.

டிரெக்டர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். பெட்டியைச் சரிபார்த்துவிட்டு பஸ்ஸில் வருவதாக அவள் பின்னாலிருந்து சொன்னாள். அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜீப்பின் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“உள்ளுக்குக் காத்துப் போகுதா?” நபீலா மெதுவாகக் கேட்டாள்.

“மேல் மூடியக் கழட்டி வச்சிருக்கேங்க மிஸ். காலையில லயத்து வீடுகளுக்கு மேல மலை வெடிச்சிருச்சு, எந்நேரமும் சரியும்னாங்க. சனமெல்லாம் ஸ்கூல்ல, நிக்கவே எடமில்ல. பச்ச ஒடம்புக்காரிகள மட்டும் இங்க கூட்டியாந்தோம்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஜீப் முற்றத்தைத் தாண்டி, சேற்றில் ஒருதரம் வழுக்கி, சரிவில் இறங்குவதை இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

அது முதல் வளைவில் மறைந்த பிறகுதான் கதவுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு எல்லாக் குழந்தைகளும்.